பச்சை கேட் வீட்டுப் பெண்

எலுமிச்சம்பழத்தை நறுக்கும்போது உங்களுக்கு என்ன ஞாபகம் வருமோ தெரியாது. ஊறுகாய் வரலாம், காய்ச்சலில் கிடந்த நாட்கள் வரலாம். எனக்கு இன்டர்வியூ வரும். சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

போன மாதம் அண்ணன் மகள் மோனி என் வீட்டுக்கு வந்திருந்தாள். அவளுக்கு இன்டர்வியூ. அதற்கு ஏன் அத்தை வீடு என்றால், இங்கே இன்டர்நெட் அறுந்து அறுந்து வராது. இப்போதெல்லாம் இன்டர்வியூவுக்கு யாரும் எங்கேயும் கிளம்பிப் போவதில்லை போலிருக்கிறது. மேலே கஞ்சி போட்ட சட்டை, கீழே பூப்போட்ட பைஜாமா. அப்படியே லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். பின்னால் என் துணிக்கொடி, அரிசி மூட்டை, ஆடிக்கொண்டிருக்கும் காலண்டர் எல்லாம் இருந்தன. ஏதோ ஒன்றை அமுக்கினாள், அத்தனையும் புகை மூட்டமாகப் போய்விட்டது. அவள் முகம் மட்டும் பளிச்சென்று இருந்தது. எங்கே வீடு, என்ன வீடு, ஒன்றும் தெரியாது. அடிப்பாவி, எங்கள் காலத்தில் இந்தப் பொத்தான் இல்லாமல் போயிற்றே என்று நினைத்துக்கொண்டேன்.

பேசிப் பேசித் தொண்டை காயுமே என்று சமையலறையில் நான் ஜூஸ் பிழிந்துகொண்டிருந்தேன். பிழிந்த தோலைக் குப்பையில் போடாமல் முழங்கை வரைக்கும் தேய்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். எனக்கே தெரியவில்லை. தம்ளர் எடுக்க வந்தவள் பார்த்துவிட்டாள்.

“இன்னா அத்தே, பயத்தோல கைல தேச்சிக்கினு கீற?”

“சும்மாதான்” என்றேன். சும்மா இல்லை.

நாங்கள் அப்போது திருவொற்றியூரில் ஒரு குப்பத்தில் இருந்தோம். வீட்டுக்கு முன்னால் கடல். கடல் ஊருக்குள் வராமலிருக்க லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டிய பாறாங்கற்கள். வீட்டுக்குப் பின்னால் எண்ணூர் ரோடு. துறைமுகத்துக்குள் நுழைய நாள் கணக்கில் வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரிகள். இந்தப் பக்கம் போனால் பாறை, அந்தப் பக்கம் போனால் லாரி. இரண்டுக்கும் நடுவிலிருந்துகொண்டு நான் பி.காம். முடித்தேன். அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையை மூடி நாலு வருஷம் ஆகியிருந்தது. அண்ணனுக்கு வேலை இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. வீட்டில் நாலு வயிறும் அம்மாவின் அன்னக்கூடையை நம்பித்தான் இருந்தன.

அம்மா பெயர் ஆரோக்கியம். விடிவதற்கு முன்னால் காசிமேட்டுக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, அலுமினிய அன்னக்கூடையில் ஐஸ் தட்டிப் போட்டு, ரயில் ஏறி மந்தைவெளிக்குப் போய்த் தெருத்தெருவாக விற்றுவிட்டு மத்தியானம் திரும்புவாள். இவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும் என்று ஒருமுறை கேட்டேன். “இங்க எல்லார் வூட்லயும்தான் மீனு கீது. யாருக்கு விக்கிறது?” என்றாள். நியாயமான பேச்சு.

பக்கத்துச் சந்தில் தேன்மொழி என்று என் தோழி. என்னோடு படித்தவள், என்னைவிடக் கெட்டிக்காரி. தரமணிப் பக்கம் ஒரு கம்பெனியில் காப்பீட்டுக் காகிதங்களைச் சரிபார்க்கும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று முதலில் போனவள் அவள்தான். எழுத்துத் தேர்வில் பாஸ், பேச்சில் பாஸ். கடைசியில் வீடு எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். இவள் திருவொற்றியூர் என்று சொல்லியிருக்கிறாள். கம்பெனி வேன் பாரிமுனைக்கு வடக்கே வராதாம். சொல்லி அனுப்புகிறோம் என்றார்களாம். சொல்லியும் அனுப்பவில்லை, சொல்லாமலும் அனுப்பவில்லை. ஒரு மாதம் காத்திருந்துவிட்டு, பாறாங்கல்லின் மேல் உட்கார்ந்து கடலைப் பார்த்தபடி சொன்னாள்:

“என் மூளையெல்லாம் பாத்தாங்கடீ. கடசியா வூட்டப் பாத்துட்டாங்க. அடுத்த ஆளு நீதான். வூட்ட மாத்து.”

வீட்டை மாற்றுவதென்றால் காகிதத்தில்தான். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அப்போது எல்லோரும் செய்ததுதான் அது. சைதாப்பேட்டையில் அத்தை இருந்தால் அத்தை வீட்டு விலாசம், அடையாறில் அக்காவைக் கட்டிக்கொடுத்திருந்தால் அக்கா வீட்டு விலாசம். எங்களுக்குப் பாரிமுனைக்குத் தெற்கே ஒரு உறவும் கிடையாது. தெற்கே கால் பதித்த ஒரே ஆள் அம்மா. அவளிடம் மீன் வாங்குகிற லலிதாம்மா என்பவரின் வீட்டு விலாசத்தைக் கேட்டு வாங்கி வரச் சொன்னேன்.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “அவங்க வூட்ல தண்ணி கேட்டு குடிச்சிக் கீறேன். வூட்டையே கேக்கச் சொல்றியா?”

ஆனாலும் கேட்டாள். மூன்று நாள் கேட்காமல் திரும்பி வந்து நாலாவது நாள் கேட்டாள். லலிதாம்மா தனியாக இருப்பவர். கணவர் இல்லை, மகன் வெளிநாட்டில். பச்சை பெயின்ட் அடித்த இரும்பு கேட் போட்ட பழைய வீடு. “லெட்டர் வந்தா வாங்கி வெக்கணும், அவ்வளவுதானே ஆரோக்கியம்?” என்று கேட்டாராம். அவ்வளவுதான் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். எங்கள் மூன்று பேருக்குமே அப்போது அவ்வளவுதான் தெரியும்.

அதற்கப்புறம் மூன்று வாரம் எனக்கும் தேன்மொழிக்கும் இன்டர்வியூப் பயிற்சிதான் வேலை. பாறாங்கற்கள்தான் எங்கள் ஆபீஸ். உயரமான பாறையில் அவள் அதிகாரி, கீழ்ப்பாறையில் நான். உன்னைப் பற்றிச் சொல் என்பாள் இங்கிலீஷில். அலைச்சத்தத்தில் கேட்காது, நான் கத்திச் சொல்வேன். என் பலவீனம், அளவுக்கு மீறி உழைப்பது என்று கத்துவேன். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். தமிழிலும் பயிற்சி இருந்தது. அதுதான் கஷ்டம். ‘கீது’ என்று வாயில் வந்தால் தலையில் ஒரு குட்டு. ‘வூடு’ என்றால் இரண்டு. முதல் வாரம் முழுக்க எனக்குத் தலைவலி. அம்மா ஒருநாள் வந்து இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “பேய் புட்ச்சவளுங்க மாரி இன்னாத்துக்குடீ கத்திகினு கீறீங்க?” என்று கேட்டாள். நான் “ஒன்றுமில்லை அம்மா, பயிற்சி எடுத்துக்கொண்டு இருக்கிறோம்” என்று ரேடியோவில் செய்தி வாசிப்பதைப் போலச் சொன்னேன். அவள் பயந்துபோய்ச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

விலாசத்தை எழுதினால் மட்டும் போதாது, அதில் குடியிருக்க வேண்டும் என்பது தேன்மொழியின் கட்டளை. எதிர் வீட்டில் யார், பால் எங்கே வாங்குவீர்கள், மழை வந்தால் எந்த மூலையில் தண்ணீர் நிற்கும் என்று கேட்டால் திருதிருவென்று விழிக்கக் கூடாதே. அந்தப் பாடத்துக்கு அம்மாவை விட்டால் ஆளில்லை. அன்னக்கூடையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டே சொல்வாள்.

“பச்ச கேட்டு லலிதாம்மா வூடு. எதுத்தாப்ல டாக்டர் வூடு, அவுங்க செவ்வா வெள்ளி தொட மாட்டாங்க. மொனைல டீச்சரம்மா. மீனு கண்ணப் பாத்துதான் வாங்கும், செவுள தூக்கச் சொல்லும்.”

“நான் மீன் விக்கவா போறேன்? தெருவைப் பத்திச் சொல்லும்மா.”

“தெருன்னா அதான்டீ” என்றாள் அம்மா.

சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். எந்த வீட்டு மாமரம் மதிலைத் தாண்டித் தெருவுக்கு வரும், எந்த வீட்டு நாய் குரைக்கும், எது கடிக்கும், யார் தண்ணீர் கேட்டால் சொம்பில் தருவார்கள், யார் குழாயைக் காட்டுவார்கள். காலை பதினோரு மணி வரைக்கும் இடப்பக்கம் நிழல், உச்சி தாண்டினால் வலப்பக்கம். கூடையை இறக்கி உட்காருகிறவளுக்குத்தானே நிழல் தெரியும். மூன்று வாரத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தெருவில் நடப்பேன். ஆனால் அதுவரை ஒருநாளும் அந்தத் தெருவில் கால் வைத்ததில்லை.

இன்டர்வியூவுக்கு இரண்டு நாள் முன்னாலேயே அம்மா அன்னக்கூடையை வீட்டுக்கு வெளியே வைத்துவிட்டாள். நாய் உருட்டாமலிருக்க மேலே ஒரு கல். கத்தி, தராசு, தலையில் வைக்கும் சும்மாடு எல்லாம் வெளியே போயின. அன்றைக்குக் காலையில் காசிமேட்டுக்குப் போகவில்லை. ஆறு எலுமிச்சம்பழம் வாங்கி வைத்திருந்தாள். நறுக்கித் தட்டில் வைத்து, தட்டைக் கையில் கொடுக்காமல் தரையில் தள்ளிவிட்டாள். “நா தொட்டா மறுக்கா நாறும். நீயே தேச்சிக்க. காது பின்னாடியும் தேய்.” சீயக்காய் போட்டு முழுகி, பழம் தேய்த்து, மறுபடி முழுகினேன். தேன்மொழி தன் தலையணைக்கு அடியில் வைத்திருந்த இஸ்திரி போட்ட சுடிதாரைக் கொண்டுவந்தாள். கிளம்பும்போது அம்மா வாசலுக்கு வரவில்லை. உள்ளே சுவரோரம் நின்று, அங்கிருந்தே காற்றில் எனக்குச் சிலுவை போட்டாள். மற்ற நாளென்றால் நெற்றியில் கட்டை விரலால் அழுத்திப் போடுவாள்.

பத்து மணி இன்டர்வியூவுக்கு ஆறு மணிக்கே கிளம்பினேன். ரயிலடிக்குப் போக ரோட்டைத் தாண்ட வேண்டும். ரோடு எங்கே இருந்தது? லாரிக்கு லாரி ஒரு முழம் இடைவெளி. டிரைவர்கள் லாரிக்கு அடியில் ஸ்டவ் பற்றவைத்து டீ போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு கன்டெய்னருக்கு நடுவில் நுழைந்தேன், எதிர்ப்பக்கம் இன்னொரு லாரி ஒட்டி நின்றது. பின்னால் திரும்பினால் வந்த வழியை ஒருவன் அரை அடி முன்னால் நகர்ந்து அடைத்துவிட்டான். ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, துப்பட்டாவில் கிரீஸ் பட்டுவிடாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு பக்கமும் இரும்பு, மேலே ஒரு கீற்று வானம். பத்து நிமிஷம் இருக்கும். அவ்வளவு நேரமும் நான் ‘என் வீடு மந்தைவெளியில் இருக்கிறது’ என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் என் வாழ்க்கையே கொஞ்ச காலம் அப்படித்தான் ஆகப்போகிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

இன்டர்வியூ எடுத்தது ஒரு பெண் மேனேஜர். இங்கிலீஷ் கேள்விகளுக்கெல்லாம் பாறாங்கல் பதில்களையே சொன்னேன், கத்தாமல் சொன்னேன். பலவீனம் என்னவென்று கேட்டபோது உழைப்பு என்றேன். அந்த அம்மாள் கொட்டாவியை அடக்கிக்கொண்டது எனக்குத் தெரிந்தது. அப்புறம் விலாசத்தைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய சித்தி வீடு அதற்கு இரண்டு தெரு தள்ளியாம். “உங்க தெரு எப்படி இருக்கும், சொல்லுங்களேன்” என்றார்.

சொன்னேன். மாமரத்தைச் சொன்னேன், நாய்களைச் சொன்னேன், டாக்டர் வீட்டுச் செவ்வாய் வெள்ளியைச் சொன்னேன். பதினோரு மணிக்கு நிழல் எந்தப் பக்கம் விழும் என்பதையும் சொன்னேன். அந்த அம்மாள் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். “இவ்வளவு கவனிக்கிற பொண்ணுதான் எங்களுக்கு வேணும். தன் தெருவையே யாரும் இப்படிப் பாக்கிறதில்ல” என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதெல்லாம் அம்மாவின் பாதம் பார்த்தது என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

வேலை கிடைத்தது. கடிதம் பச்சை கேட் வீட்டுக்கு வந்தது. அம்மா அதைத் தானே வாங்கி, ஈரம் படாமல் பாலிதீன் பையில் சுற்றி, இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு வீட்டில் வஞ்சிரம். விற்கிற மீனை வீட்டில் சமைக்கிற வழக்கமே எங்களுக்குக் கிடையாது.

கடிதத்தின் கடைசி வரியை மறுநாள்தான் ஒழுங்காகப் படித்தேன். கம்பெனி வேன் காலை ஏழேகாலுக்கு என் வீட்டு வாசலுக்கே வரும். என் வீட்டு வாசல் என்றால் பச்சை கேட்.

எல்லாக் கேள்விக்கும் தயார் செய்திருந்தோம் நானும் தேன்மொழியும். வேலை கிடைத்தால் என்ன செய்வது என்கிற கேள்வியை மட்டும் இரண்டு பேரும் யோசிக்கவில்லை. ஆறு மாதம் தற்காலிகம், விலாசம் பொய்யென்று தெரிந்தால் வேலை போய்விடும் என்று கையெழுத்து வேறு போட்டிருந்தேன். அப்புறமென்ன? ஐந்து மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பி, லாரிகளுக்கு நடுவில் நுழைந்து விம்கோ நகர் ஸ்டேஷன், அங்கிருந்து பீச், பீச்சிலிருந்து பறக்கும் ரயிலில் மந்தைவெளி. ஏழு மணிக்குப் பச்சை கேட்டுக்குப் போய், அப்போதுதான் தூங்கி எழுந்து வந்தவளைப் போல நிற்பேன். தெற்கே தரமணிக்கு வேன் ஏறுவதற்காக வடக்கேயிருந்து இரண்டு ரயில் ஏறி வந்தவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சாயங்காலம் வேன் இறக்கிவிட்டால் கேட்டைத் திறந்து உள்ளே போக வேண்டும். லலிதாம்மாவின் கார் ஷெட்டில் நின்று, வேன் முனை திரும்பும் சத்தம் கேட்கிற வரைக்கும் காத்திருந்து, வெளியே வந்து ஸ்டேஷனுக்கு நடப்பேன். லலிதாம்மா நல்ல மனுஷி. மழை நாட்களில் காபி கொடுப்பார். “இன்னும் எத்தனை நாள்மா இப்படி?” என்று ஒருமுறை கேட்டார். வேலை நிரந்தரம் ஆகட்டும் என்றேன்.

என்னோடு அதே வாசலில் வேன் ஏற பிரியா என்று ஒருத்தி வந்து சேர்ந்தாள். அடுத்த தெரு. நல்ல பெண், கலகலவென்று பேசுவாள், அதுதான் பிரச்சினை. ஒருநாள் வேனுக்குக் காத்திருக்கும்போது அவசரமாகப் பாத்ரூம் போக வேண்டும் என்று என் வீட்டுக்குள் நுழைந்துவிட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். லலிதாம்மா கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, “வாம்மா” என்றார். நான் தைரியமாகப் போய் ஒரு கதவைத் திறந்தேன். உள்ளே தேங்காய் மூட்டையும் பழைய கட்டிலும் இருந்தன. இன்னொரு கதவைத் திறந்தால் சாமி அறை.

“உங்க வீட்டு பாத்ரூம் உனக்கே தெரியாதா?” என்றாள் பிரியா.

“வீட்டுல வேலை நடக்குது, மாத்திட்டாங்க” என்றேன். பாத்ரூமை எப்படி மாற்றுவார்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்கிற நிலைமையில் அவள் இல்லை. வேனில் ஏறியதும் “உங்க அம்மா ரொம்ப அமைதி” என்றாள். ஆமாம் என்றேன். எங்கள் அம்மா காசிமேட்டில் ஏலக்காரரிடம் போடும் சத்தம் ராயபுரம் வரைக்கும் கேட்கும்.

அம்மா அந்தத் தெருவுக்கு ஒன்பது மணிக்கு வருவாள், என் வேன் ஏழேகாலுக்குப் போய்விடும். அதனால் நாங்கள் அங்கே பார்த்துக்கொண்டதே இல்லை. நாலாவது மாதம் எனக்கு ஷிப்ட் மாறியது. வேன் ஒன்பதரைக்கு. நான் வீட்டில் அதைச் சொன்னேன், அம்மா ‘ம்’ என்றாள். இரண்டு வாரம் கழித்து லலிதாம்மா பேச்சுவாக்கில் குறைப்பட்டுக்கொண்டார். “உங்கம்மா இப்பல்லாம் பதினொரு மணிக்குத்தான் வர்றா. நாலு தெரு சுத்திட்டு கடைசியா இங்க. அதுக்குள்ள மீன் கண்ணு உள்ள போயிடுது, டீச்சரம்மா வாங்கறதையே நிறுத்திட்டாங்க.” எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு ராத்திரி அம்மாவிடம் கேட்க நினைத்து, கேட்காமல் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

அப்படிப் பார்த்துப் பார்த்து நடந்தவளையும் ஒருநாள் வேன் ஏமாற்றிவிட்டது. நடுவழியில் பழுதாகி ஒன்றரை மணி நேரம் தாமதம். நானும் பிரியாவும் கேட் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். முனையில் அன்னக்கூடை தெரிந்தது. கூடைக்குக் கீழே அம்மா. நான் போயிருப்பேன் என்கிற தைரியத்தில் நேராக வந்துகொண்டிருந்தாள். பாதித் தெரு வந்த பிறகுதான் என்னைப் பார்த்தாள். திரும்பிப் போகலாம், போனால் சந்தேகம் வரும். ஒரு நொடி அவள் கால் நின்றது. ‘அம்மா’ என்று நான் கூப்பிடவில்லை. அவள் நேராக எங்களிடம் வந்தாள்.

“மீனு வோணுமா மேடம்? சங்கரா கீது. இப்போ எட்த்தது.”

என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். கண்ணைப் பார்த்துக் கேட்டாள்.

பிரியா கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, “வேணாம்மா, வேலைக்குப் போறோம்” என்றாள்.

“சரி மேடம். நல்லபடியா போய்ட்டு வாங்க” என்று அம்மா சொன்னாள். எங்களைத் தாண்டி, கேட்டுக்குள் போகாமல், தெருவின் கடைசி வரைக்கும் நடந்து போய்விட்டாள். லலிதாம்மாவிடம் அன்றைக்கு மீன் விற்கவில்லை.

“தினமும் உங்க வாசல்ல இந்த நாத்தமா? எப்படித்தான் இருக்கீங்களோ” என்றாள் பிரியா.

“ஆமா” என்றேன்.

அந்த ஆமாவை நான் எதற்குச் சொன்னேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். வேலைக்காகத்தான். வேறு எதற்கு? ஆனால் அது வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் என்னை உறுத்துகிறது. குட்டு வாங்கி வாங்கிப் பழகிய வாய், தடுமாறவே இல்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போகப் பயமாக இருந்தது. அம்மா வெளியில் உட்கார்ந்து கூடையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். “எப்டி நடிச்சேன் பாத்தியா? அந்தப் பொண்ணு மூக்கப் பொத்திகினா பாரு, எனுக்கு சிரிப்பு வந்துட்ச்சு.” நான் அழுதேன். அவள் எழுந்து வரவில்லை, கை ஈரமாக இருந்தது. “இன்னாத்துக்கு அய்வுற? வேல முக்கியம்டீ. நா இன்னா சொம்மாவா எலுமிச்சம்பயம் வாங்கிக் குட்த்தேன்?” என்றாள். அப்புறம் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “மேடம், நாஸ்தா துன்றீங்களா?” என்றாள். அப்பாவும் அண்ணனும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

அதிலிருந்து வீட்டில் எனக்கு அதுதான் பெயர். மேடம் வந்துட்டாங்க, மேடத்துக்கு சோறு போடு, மேடம் துணியெல்லாம் காஞ்சிட்ச்சு. கேலிதான். அம்மா கேலியாகத்தான் சொன்னாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவள் வாயில் என் பெயர் அதற்கப்புறம் அதிகம் வரவில்லை.

ஒரு தீர்மானம் வைத்திருந்தேன். வேலை நிரந்தரம் ஆன மறுநாள், அம்மா வருகிற நேரம் வரைக்கும் பிரியாவை நிறுத்திவைத்து, கூடையை நானே இறக்கி, ‘இது எங்கம்மா’ என்று சொல்லிவிடுவது. வேலை நிரந்தரம் ஆனது. முதல் சம்பள உயர்வு வரட்டும் என்று நினைத்தேன். உயர்வு வந்தது. அண்ணன் கல்யாணம் முடியட்டும் என்று நினைத்தேன். மோனி பிறந்தாள். இதற்கு நடுவில் பிரியா கல்யாணமாகிப் பெங்களூர் போய்விட்டாள். கம்பெனி வேனையே நிறுத்திவிட்டு, அவரவர் வந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நானும் வேறு கம்பெனிக்கு மாறினேன். அங்கே இன்டர்வியூவில் திருவொற்றியூர் என்று உண்மையான விலாசத்தையே எழுதினேன். அதைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்த நேரத்தில் அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது. காசிமேட்டோடு நிறுத்திக்கொண்டாள், மந்தைவெளிக்குப் போவதில்லை. யாரிடம் போய் எந்தத் தெருவில் சொல்வது?

அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது எனக்கும் நல்ல நாற்காலி, கீழே ஆட்கள். எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுகிறார்கள். திரும்பிப் பார்க்க எனக்கு ஒரு கணம் ஆகும். மேடத்துக்குக் காது சரியில்லை என்று பேசிக்கொள்வதாகக் கேள்வி.

அன்றைக்கு மோனியின் இன்டர்வியூ நன்றாகவே நடந்தது. எந்த ஊர் என்று கேட்டார்கள், சென்னை என்றாள், அதோடு சரி. வேலை கிடைத்தாலும் வீட்டிலிருந்தேதானாம். அவள் போன பிறகும் என் கையில் எலுமிச்சை வாசனை போகவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மந்தைவெளிக்குப் போக விம்கோ நகரில் மெட்ரோ ஏறினேன், நடுவில் பறக்கும் ரயிலுக்கு மாறினால் போதும். ஒரு லாரிக்கும் பயப்படாமல், தலைக்கு மேலேயே போய்விடலாம். தினமும் இரண்டு மணி நேரம் அல்லாடிய பாதைதானா இது என்றிருந்தது.

தெரு இருந்தது. மாமரம் இல்லை. டாக்டர் வீட்டு இடத்தில் ஏதோ கிளினிக். பச்சை கேட் இல்லை, லலிதாம்மா இல்லை, அந்த வீடே இல்லை. நாலு மாடி, கீழே கார் நிறுத்துமிடம், கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு வாட்ச்மேன். பெட்டி கட்டிய பைக்கில் வந்த ஒரு பையன் மீன் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். ஒட்டிய உறை, ஒரு வாசனையும் இல்லை. மணி பதினொன்று. நிழல் மட்டும் இடப்பக்கம் விழுந்திருந்தது.

நான் வெகுநேரம் நிற்பதைப் பார்த்து வாட்ச்மேன் வெளியே வந்தார். வடக்கத்திக்காரர், என் வயதுதான் இருக்கும். “மேடம், எங்கே போகணும்?” என்றார் உடைந்த தமிழில்.

“இந்தத் தெருவுல மீன் வித்துகினு ஒரு அம்மா வருவாங்க. பேரு ஆரோக்கியம். நான் அவுங்க பொண்ணு” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் தலையாட்டினார். உள்ளே போய் வருகைப் பதிவு நோட்டைக் கொண்டுவந்து நீட்டி, விரலால் ஒவ்வொரு கட்டமாகக் காட்டினார். பெயர் எழுதினேன். எங்கிருந்து என்கிற கட்டத்தில் திருவொற்றியூர் குப்பம் என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். அடுத்த கட்டம், யாரைப் பார்க்க. பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு பேனாவை அவரிடமே கொடுத்துவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.